குடிபூரலுக்குப் பிறகு: வாசகர் கேள்வி பதில்

ஆவணியில் கல்யாணம் முடிந்து புதுக்குடித்தனம் தொடங்கியவர்களிடமிருந்து இந்த முறை கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. மாரிக்கு இன்னும் சில கிழமைகளே இருப்பதால், மழைக்கு முன் கைவைக்க வேண்டிய விசயங்களை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: கல்லடியில் எங்கள் சீதனவீடு. கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம். 4 அடி விட்டமுள்ள கிணறு. தை, மாசியில் நல்ல தண்ணீர்; ஆவணி வந்தால் தேத்தண்ணி உப்புக் கரிக்கிறது என்று அம்மா சொல்வா. கிணற்றில் இன்னும் இரண்டு வளையம் இறக்கி 1 குதிரைவலு மோட்டர் பூட்டினால் நல்ல தண்ணீர் வரும் என்கிறார் என் கணவர். செய்யலாமா? (கல்லடி வாசகி)

பதில்: செய்யாதீர்கள் தங்கச்சி. அந்தக் காசு வீணாவது ஒன்று; கிணறே கெட்டுப்போவது இன்னொன்று.

உங்கள் வளவுக்குக் கீழே இருக்கும் நல்ல தண்ணீர், மழை இறங்கி மணலில் தங்கியது. அது உப்புநீருக்கு மேல் ஒரு படலமாக மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மறுவளமாகப் பார்த்தால், மேலே 1 அடி இறங்கும்போது கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். கிணற்றை ஆழமாக்கினால் உப்புக்கு நீங்களே கிட்டப் போகிறீர்கள். பெரிய மோட்டர் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால், கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பு போல மேலே எழும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கிழக்குக் கரையில் கண்டதும் இதுதான். கடல் புகுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் உப்புக் குறைய மறுத்தது. மழை இறங்கிக் கழுவிய பிறகுதான் தண்ணீர் தெளிந்தது.

செய்ய வேண்டியது இது. அரைக் குதிரைவலு மோட்டர் போதும். 4 அடிக் கிணற்றில் 1 அடித் தண்ணீர் ஏறக்குறைய 350 லீற்றர். இரண்டு பேருக்கு ஒரு நாளுக்கு 250 லீற்றர் தாராளம். ஆகவே 500 லீற்றர் தாங்கி வைத்து, காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் நீர்மட்டம் அரை அடிக்கு மேல் இறங்க விடாதீர்கள். உறிஞ்சும் குழாயின் நுனியில் பூட்டும் புட்வால்வை அடியில் போடாமல், கோடையில் நிற்கும் மட்டத்திலிருந்து 1 அடி கீழே தொங்கவிடுங்கள். அடித்தண்ணீர்தான் முதலில் கரிக்கும்.

அடுத்தது கூரைத் தண்ணீர். 500 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் சுமார் 2,300 லீற்றர் விழும். இதைப் பீலி வைத்து றோட்டுக்கு விடுவது பெரிய நட்டம். கிணற்றிலிருந்து 10, 15 அடி தள்ளி 3 அடி ஆழக் குழி ஒன்று வெட்டி, கல்லும் மணலும் நிரப்பி, அதற்குள் இறக்குங்கள். மாரியில் உள்ளே போகும் ஒவ்வொரு வாளியும் ஆவணியில் உங்களுக்குத்தான் திரும்பி வரும். கூரையிலிருந்து நேரே கிணற்றுக்குள் விடவேண்டாம். காக்கை எச்சமும் சருகும் சேர்ந்து இறங்கும்.

கொதிக்கவைத்தால் உப்புப் போகாது. தண்ணீர் ஆவியாக, மிச்சத்தில் உப்புக் கூடத்தான் செய்யும். கரிக்கும் மாதங்களில் குடிக்கவும் சமைக்கவும் உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைப் பிடியுங்கள். குளிக்க, கழுவக் கிணறு இருக்கட்டும்.

கேள்வி: ஆரையம்பதியில் புதுவீடு கட்டி முடிகிறது. மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும்? மேசன் 30 அடி போதும் என்கிறார். போன மாரியில் கிணற்றுக்குள் வெள்ளம் விழுந்தது. குளோரின் போடும் அளவும் தெரியவேண்டும். (ஆரையம்பதி வாசகர்)

பதில்: 30 அடி போதாது. 50 அடி என்பது கடைசி எல்லை. உங்களுடையது மணல் தரை, தண்ணீர் வேகமாக ஊரும். 100 அடி கிடைக்கும் வளவென்றால் 100 அடியே வையுங்கள்.

தூரத்தைப் போலத் திசையும் முக்கியம் தம்பி. இந்த மணற்றிடலில் நிலத்தடி நீர் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் வடியும்: ஒரு பாதி கிழக்கே கடலுக்கு, மறுபாதி மேற்கே வாவிக்கு. வீடு கடல்பக்கப் பாதியில் என்றால் கிணறு மேற்கே, குழி கிழக்கே. வாவிப்பக்கம் என்றால் மாறி. அப்படி வைக்கும்போது உங்கள் குழிக்குக் கீழ்ப்பக்கம் அயலவரின் கிணறு எங்கே என்றும் அளந்து பாருங்கள். உங்கள் கிணற்றைக் காப்பாற்ற அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வருத்தம் கொடுக்கக் கூடாது.

குழி எந்த வகை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடி திறந்த வளையக் குழியை மார்கழியில் எட்டிப் பாருங்கள். நிலத்தடி நீர் அதற்குள்ளேயே நிற்கும். அப்போது கழிவு நேரே கிணற்று நீரோடு கலக்கிறது. அடியும் பக்கமும் சீமெந்து பூசி மூடிய இரண்டு அறைத் தாங்கி கட்டி, தெளிந்த நீர் மட்டும் வெளியேறும் குழியை நிலமட்டத்துக்குக் கிட்ட, அகலமாக, ஆழமில்லாமல் வைப்பதுதான் இங்கே சரி. செலவு கூடும். ஆனால் மலக்கழிவிலிருந்து வரும் நைத்திரேற்று கொதிக்கவைத்தாலும் போகாது, குளோரினுக்கும் அசையாது. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது உயிராபத்து. நாளை ஒரு பிள்ளை வரப்போகும் வீடு என்று நினைத்துக் கட்டுங்கள்.

குளோரினுக்கு முதலில் கிணற்றை அளக்க வேண்டும். விட்டத்தை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 22ஆல் பெருக்குங்கள், லீற்றர் வரும். 4 அடி விட்டம், 6 அடித் தண்ணீர் என்றால் 4 × 4 × 6 × 22 = 2,112 லீற்றர். 70 வீதக் குளோரின் தூள் 1,000 லீற்றருக்கு 25 கிராம். உங்களுக்கு 53 கிராம். கடையில் கிடைப்பது 30 வீதத் தூள் என்றால் 1,000 லீற்றருக்கு 60 கிராம். பக்கற்றில் வீதத்தைப் பார்க்காமல் போட்டுவிட்டு, பலனில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். திறந்து மாதக்கணக்கில் வைத்த தூளும் வலு இழந்திருக்கும்.

வெள்ளம் விழுந்த கிணறென்றால் முதலில் சருகு, சேறு அள்ளி, உட்சுவரைத் தும்புத் தூரிகையால் தேயுங்கள். பிறகு பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீரை முதலில் ஊற்றி, அதற்குப் பிறகு தூளைப் போட்டுக் கலக்குங்கள். 15 நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் கிணற்றில் சுற்றிவர ஊற்றுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு உள்ளே வேண்டாம். வாளியால் பத்துப் பதினைந்து தரம் அள்ளி அள்ளி ஊற்றிக் கலக்கி, ஒரு இரவு முழுக்கக் கைவைக்காமல் விடுங்கள். மறுநாள் மணம் மட்டாகும்வரை சிறுகச் சிறுக இறையுங்கள். அந்தத் தண்ணீரைப் பயிருக்கு விடாதீர்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டுடன் இந்தத் தூள் ஒருபோதும் சேரக்கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

கேள்வி: காரைதீவு. வீடு பூசி முடித்து மூன்று கிழமையில் பெயின்ற் அடித்துக் குடிபூந்தோம். இப்போது சுவரின் அடிப்பக்கம் பெயின்ற் பொரிந்து, வெள்ளைத் தூள் பூக்கிறது. திரும்ப அடித்தாலும் அதே கதை.

பதில்: இரண்டு பிழை சேர்ந்திருக்கிறது. ஒன்று அவசரம். சீமெந்துப் பூச்சுக் காய 4 முதல் 6 கிழமையாவது வேண்டும், வெயில் மங்கிய நாட்களில் அதற்கும் மேல். நாள் பார்த்துக் குடிபூருவதற்காக ஈரச் சுவருக்குப் பெயின்ற் அடிப்பதைக் கண்டிக்கத்தான் வேண்டும். அந்த நாளுக்கு வெறும் பிறைமர் போதும்.

மற்றது உப்பு. வெள்ளையாகப் பூப்பது, சுவருக்குள் இருந்த உப்பு ஈரத்தோடு வெளியே வந்து காய்ந்தது. கரையோர மணலைக் கழுவாமல் பூசினாலும் வரும். அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பூச்சுப் போடாமல் விட்டாலும், நிலத்து ஈரம் சுவர்வழியே ஏறிக் கொண்டுவரும். அடியிலிருந்து 2, 3 அடி உயரத்தோடு ஒரே மட்டமாக நிற்கிறதா? அது நிலத்திலிருந்து ஏறுவது. சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாக இருக்கிறதா? அது மணல்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றை நாலு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பொலித்தீனின் சுவர்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் இன்னும் ஈரம். பெயின்ற் பேணியைத் திறக்காதீர்கள்.

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து திரும்ப உள்ளே போய், வெயிலுக்கு மறுபடியும் வரும். காய்ந்த தூரிகையால் தட்டி, கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். ஒவ்வொரு கிழமையும் இப்படிச் செய்துவர, பூப்பது குறையும். குறையாத இடத்தில், ஈரக்கோட்டுக்கு மேலே 1 அடிவரை பழைய பூச்சை வெட்டி எடுத்து, ஒரு கோடை காயவிட்டு, ஆற்றுமணலில் புதிதாகப் பூசுங்கள். அதற்குக் காரம் தாங்கும் பிறைமர், மேலே எமல்சன். எனாமல் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். இப்போது மழை வரப்போவதால் இந்த வருசம் தட்டிக் கூட்டுவதோடு நிறுத்துங்கள். வெட்டுவதும் பூசுவதும் பங்குனி, சித்திரையில்.

கேள்வி: அவர் அடுத்த மாதம் திரும்பக் கட்டாருக்குப் போகிறார். திருக்கோவிலில் கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. அஸ்பெஸ்டஸ் கூரை, முன்னுக்குத் தகர விறாந்தை. போக முன்னர் கூரையில் என்ன செய்விக்க வேண்டும்?

பதில்: விறாந்தையில் தொடங்குங்கள். காற்று கீழே புகுந்து மேலே தூக்குவது திறந்த விறாந்தையைத்தான். அதன் தகரம் வீட்டுக் கூரையின் கைமரத்திலேயே தொடர்ந்து ஆணியடித்திருந்தால், விறாந்தை போகும்போது கூரையையும் இழுத்துக்கொண்டு போகும். விறாந்தைக்குத் தனி வளை, தனித் தூண் கொடுத்து, வீட்டுக் கூரையிலிருந்து பிரித்துவிடச் சொல்லுங்கள். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியை மட்டக்களப்பு, அம்பாறைப் பெரியவர்களிடம் கேட்டால், கூரைகள் போன விதத்தை இன்றும் சொல்வார்கள்.

பிறகு கொக்கி ஆணிகள். உப்புக் காற்றில் கொக்கியின் வளைவுதான் முதலில் தேயும். மேலே தலை நன்றாக இருக்க, கீழே நூலாகியிருக்கும். ஆகவே உள்ளிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். தாழ்வாரம், முகடு, இரண்டு பக்க ஓரம் ஆகிய இடங்களில் ஆணி நடுக்கூரையைவிட நெருக்கமாக இருக்கவேண்டும். ஆணி மேட்டில் இறங்கவேண்டும், பள்ளத்தில் இறங்கினால் ஒழுகும். அடியில் வைத்த றப்பர் வாசர் காய்ந்து வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அஸ்பெஸ்டசைத் துளைக்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டு துளைக்கவேண்டும், முகத்தைக் கட்டவேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. ஏறுபவர் பலகை போட்டு, ஆணி வரிசைக்கு மேல்தான் கால் வைக்கவேண்டும். தட்டின் நடுவில் மிதித்து விழுந்தவர்கள் பலர்.

பீலிக்கு 10 அடிக்கு அரை அங்குலச் சரிவு வையுங்கள். கூரைக்கு மேல் சாய்ந்த தென்னையில் காய்ந்த மட்டை, தேங்காய், பாளை எல்லாவற்றையும் இறக்குங்கள். நீங்கள் தனியே இருக்கப் போகிறீர்கள் தங்கச்சி. ஏணி வைத்திருப்பவர், கூரை வேலை தெரிந்தவர் இருவரின் நம்பரையும் அவர் போக முன்னமே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: களுவாஞ்சிகுடி. மாமா, மாமி வீட்டை எங்களுக்குத் தந்துவிட்டு, பின்வளவில் சின்ன வீடு கட்டிப் போயிருக்கினம். ஒரே மீட்டரிலிருந்துதான் இரண்டு வீட்டுக்கும் கரண்ட். பில் எகிறுகிறது. காசைப் பற்றி அவர்களிடம் எப்படிப் பேசுவது? (புது மருமகன்)

பதில்: எகிறுவதற்கு ஒரு காரணம், யார் அதிகம் பாவிக்கிறார்கள் என்பதில் இல்லை. வீட்டு மின்கட்டணம் படிபடியாக ஏறுவது. மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் 60 அலகுக்கும் குறைந்த விலை கிடைக்காது. நீங்கள் 50, அவர்கள் 50 என்றால் தனித்தனி மீட்டரில் இருவரும் கீழ்ப்படியில் நிற்பீர்கள். ஒரே மீட்டரில் 100 ஆகி இருவரும் மேல்படிக்குப் போகிறீர்கள். பின்வளவில் தனிக் குசினி, தனி வாசல் இருப்பதால், உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் தனி இணைப்புக் கேளுங்கள். அதுவரை ஒரு உபமீட்டர் பூட்டி, இரண்டு வீட்டு அலகையும் எழுதிவாருங்கள்.

பேச்சை நீங்கள் தொடங்க வேண்டாம் தம்பி. மகள் தாயிடம் பேசட்டும். வீட்டையே எழுதித் தந்தவர்களிடம் பில் காசைக் கணக்குப் பார்ப்பது போல் ஆகிவிடக்கூடாது. புது இணைப்பின் செலவு உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மனம் கோணாது. அவர்கள் வீட்டு மாதப் பில்லைத் தாங்களே கட்டுகிறோம் என்று மாமா சொன்னால், மறுக்காமல் விட்டுவிடுங்கள். தன் செலவைத் தானே பார்க்கிற பெருமை அவருக்கு வேண்டும்.

உங்கள் பக்கம் குறைக்க: பழைய கூரை விசிறி 70 வொற். இரவு 8 மணித்தியாலம் ஓடினால் அரை அலகுக்கு மேல். மாதம் 17 அலகு. 30 வொற் விசிறி அதே வேலையை 7 அலகில் முடிக்கும். நீளவயர்ப் பலகையில் 2,000 வொற் கேத்திலையும் 1,000 வொற் ஸ்திரிக்கைப் பெட்டியையும் ஒன்றாகப் போடாதீர்கள். 13 அம்பியர் என்பது 230 வோல்ற்றில் 3,000 வொற்றின் விளிம்பு. பலகை சூடேறி உருகும். றிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்துங்கள். கரண்ட் அறுந்தால் நல்லது. அறாவிட்டால் அன்றைக்கே மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: காஸ் அடுப்புக்குப் புதிதாக மாறியிருக்கிறோம், பயமாக இருக்கிறது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எப்படி அறிவது? (அக்கரைப்பற்று)

பதில்: பயத்தைப் பழக்கமாக மாற்றலாம். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சவர்க்கார நுரையை றெகுலேற்றர், குழாயின் இரண்டு நுனி எல்லாவற்றிலும் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சியால் ஒருபோதும் பார்க்கவேண்டாம். குழாயை இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், எலி கடித்த அடையாளம் கண்டால் அன்றைக்கே. படுக்கப் போகும்போது றெகுலேற்றரை மூடுங்கள்.

இந்த வாயு காற்றைவிடப் பாரம், நிலத்தோடு தேங்கும். குசினியின் மேல் யன்னல் மட்டும் போதாது. கதவுக்குக் கீழே வழி வேண்டும். மணம் வந்தால் எந்தச் சுவிச்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பொறி பறப்பது இரண்டிலும்தான். றெகுலேற்றரை மூடி, கதவு யன்னலைத் திறந்து, வெளியே வாருங்கள்.

மிச்சத்தை அறிய, சிலிண்டரில் பொறித்திருக்கும் வெற்று எடையைப் பாருங்கள். தராசில் 19 கிலோ, பொறித்தது 13.2 என்றால் உள்ளே 5.8 கிலோ.

கேள்வி: எங்கள் வயல் நெல்லைக் குற்றி மூடையாக வைத்தோம். இரண்டு மாதத்தில் வண்டு. (சம்மாந்துறை)

பதில்: இரண்டு பேருக்கு மாதம் 12 கிலோ அரிசி போதும். நெல்லாகவே வைத்து, இரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் குற்றுங்கள். 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 65 கிலோ அரிசி வரும். உமி இருக்கும்வரை வண்டுக்கு உள்ளே போவது கஷ்டம். வண்டு வந்த அரிசியைப் பாயில் மெல்லிசாகப் பரப்பி வெயிலில் வையுங்கள், வண்டு ஓடும். ஆனால் முட்டை அரிசிக்குள் இருப்பதால் பத்து நாள் கழித்துத் திரும்பவும் காயவிட வேண்டும். சூடு ஆறிய பிறகே வாளியில் கொட்டி மூடுங்கள். மூடையை நிலத்தில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மாசி, பங்குனியில் பெரும்போகப் புது அரிசி வந்தால் வழமையான தண்ணீரில் கொஞ்சம் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் குழையும்.

கேள்வி: புதுவீட்டுக்கு வந்த பிறகு கிராம சேவகரிடம் பதிய வேண்டுமா? அவசரம் இல்லைத்தானே? (மட்டக்களப்பு)

பதில்: அவசரம்தான். பிள்ளை பிறந்து முதலாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கும்போது, அந்த முகவரியில் கடந்த 5 வருட வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் உண்டா என்று பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள். இன்றைக்குப் பிறக்கும் பிள்ளைக்கே கணக்கு ஓடத் தொடங்கிவிடும். கணவன் பெயர் ஒரு ஊரில், மனைவி பெயர் ஒரு ஊரில் என்று விட்டவர்கள்தான் பிறகு அலைகிறார்கள். இடாப்புத் திருத்தும் படிவம் வரும்வரை காத்திருக்காமல், இருவரின் அடையாள அட்டை, விவாகப் பதிவுச் சான்றிதழ், வீட்டு உறுதியின் பிரதி, கடைசிக் கரண்ட் பில் ஆகியவற்றோடு கிராம சேவகரிடம் போங்கள். பழைய ஊரின் இடாப்பிலிருந்து பெயரை எடுக்கும்படி அதே நேரத்தில் எழுதிக் கொடுங்கள். கொடுத்த படிவங்களின் போட்டோப் பிரதியில் திகதி எழுதி, வீட்டு உறுதி வைத்திருக்கும் உறைக்குள்ளேயே வையுங்கள்.